கித்தான் கூடாரத்துக்குள் விறகடுப்பு: மூணாறு மலைக் குளிருக்கு ஒரு முழு வழிகாட்டி

தை பிறக்கிற நேரத்தில் செண்டுவரை, குண்டளை, வட்டவடைப் பக்கம் உறைபனி விழுந்த விடியற்காலையில் கூடாரத்தின் கித்தானைத் தொட்டுப் பாருங்கள். பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். விரலால் சுண்டினால் பனித்தூள் கழுத்துக்குள் விழும். சில ஆண்டுகளில் அந்தப் பக்கம் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழேயே போய்விடுகிறது. நான் வளர்ந்தது அங்கே ஓர் எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அடுப்படிதான் வீட்டின் நடுநாயகம். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் எல்லோரும் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்போம். அந்தச் சூட்டைக் கூடாரத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூடாரத்தில் அடுப்பு என்றால் நெருப்புப் பெட்டியை விடப் புகைக்குழாயும் காற்று வழியும்தான் முக்கியம். அவை இரண்டும் சரியாக இருந்தால் அடுப்பு தானாகவே நல்லபடி எரியும். அவற்றில் குறை இருந்தால் எவ்வளவு விலை கொடுத்த அடுப்பும் ஆபத்துதான்.

இன்னொன்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் மலைக் குளிர் உறங்கும்போதும் நெருப்பு வேண்டும் என்கிற அளவுக்குக் கொடியது இல்லை. ஈரத்தைப் போக்க, கை கால் சூடேற, கஞ்சி வைக்க அடுப்பு. உறங்கக் கம்பளி. இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது.

இடம்

காட்டுக்குள் வேண்டாம். இரவிகுளம், பாம்பாடும்சோலை, சின்னாறு எல்லாம் வனத்துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் குற்றம். நான் எப்போதும் வட்டவடை, கோவிலூர் பக்கம் தெரிந்தவர்களின் படிக்கட்டு வயலில், அறுவடை முடிந்து சும்மா கிடக்கும் ஒரு தட்டில் போடுவேன். நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, தீ வைக்கப் போகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். முதல் தடவை கேட்டபோது அந்தப் பெரியவர், "தாராளமா போடு தம்பி, ஆனா புல்லு பக்கம் போகாதே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டாப் ஸ்டேஷனுக்குக் கீழே குரங்கணி மலையில் 2018 மார்ச் மாதம் காய்ந்த புல்லில் பிடித்த தீயில் மலையேற்றம் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜனவரியிலேயே புல் மஞ்சளாகிவிடும். உங்கள் குழாயிலிருந்து பறக்கும் ஒரு பொறி போதும். கூடாரத்தைச் சுற்றிப் பத்தடிக்காவது புல், சருகு எல்லாம் செதுக்கி மண் தெரிய வையுங்கள். மேலே மரக்கிளை தொங்கக் கூடாது.

பள்ளத்தில் போடாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியே தண்ணீர் மாதிரி இறங்கி ஓடைக்கரையிலும் சதுப்பிலும் தேங்கும். உறைபனி முதலில் விழுவது அங்கேதான். சரிவின் நடுவில் ஒரு தட்டு கிடைத்தால் சில டிகிரி மிச்சம். இதே காரணத்தால் பகலில் பார்த்த காற்றை நம்பிக் கூடாரத்தைத் திருப்பக் கூடாது. பகலில் காற்று மலை ஏறும், இரவில் இறங்கும். சாயங்காலம் ஆறரைக்கு ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி நில்லுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் அடுப்பும் குழாயும் வரவேண்டும். அப்போதுதான் பொறிகள் கூடாரத்தின் மேல் விழாமல் அப்பால் போகும்.

யானை வரும் தடமா என்று ஊராரிடம் கேட்காமல் எங்கேயும் ஆணி அடிக்காதீர்கள். வாழைப்பழம், கரும்பு, மறையூர் வெல்லம் எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது.

கூடாரம்

பருத்திக் கித்தான்தான் வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணிக் கூடாரத்துக்குள் விறகடுப்பை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஒரு பொறி பட்டால் பருத்தியில் கருகிய சின்ன ஓட்டை விழும். நைலான் உருகும், உருகியது சொட்டும், சொட்டியது தோலில் ஒட்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் வாக்கில் இருக்கும் கித்தான் நல்லது. தீ தாங்கும் மருந்து போட்ட துணி என்று விற்பார்கள். வாங்குங்கள், ஆனால் அது தீ பரவுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். எரியாத துணி என்று அர்த்தம் இல்லை.

மூன்று பேருக்கு 10 அடிக்கு 10 அடி போதும். உச்சி ஏழு அடியாவது இருக்கட்டும். நான்கு மீட்டர் விட்டமுள்ள மணி வடிவக் கூடாரம் 25 கிலோவுக்கு மேல் வரும். ஜீப்பில்தான் கொண்டுபோக முடியும். தோளில் சுமந்து நடப்பவர்களுக்கான முறை இது இல்லை.

புதுக் கித்தானை மலைக்குக் கொண்டுபோவதற்கு முன் வீட்டு மாடியிலோ களத்திலோ விரித்துக் கட்டி, குழாயடித்து நன்றாக நனைத்து, முழுதாகக் காயவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் நூல் உப்பித் தையல் ஓட்டைகள் அடைபடும். இதைச் செய்யாமல் போய், முதல் இரவே தையலில் சொட்டிய பனித்தண்ணீரைப் பாத்திரம் வைத்துப் பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

குழாய் கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில் கித்தான் இருக்கக் கூடாது. அங்கே சிலிக்கான் பூசிய கண்ணாடி இழைத் துணியில் ஒரு வட்ட வாசல் தைக்க வேண்டும். கடைக்காரர்கள் ஸ்டவ் ஜாக் என்பார்கள். அதன் பூச்சு 250 டிகிரி வாக்கில் வரை தாங்கும். அதைக் குழாயைவிட அரை இன்ச் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். ஒரே தடவையில் பெரிதாக வெட்டிவிட்டால் மழைத் தண்ணீர் குழாய் வழியே இறங்கும். இந்த வாசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறு இன்ச்சாவது அந்த இழைத் துணியே இருக்க வேண்டும். கித்தானோடு சேர்த்துத் தைப்பதற்குச் சாதாரண பாலியஸ்டர் நூல் வேண்டாம், அது சூட்டில் விட்டுவிடும். பருத்தி நூலோ கண்ணாடி இழை நூலோ போடச் சொல்லுங்கள்.

அடுப்பு

வெளிநாட்டு மடக்கு அடுப்புகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. நான் பட்டறையில் செய்துகொண்டதையே பயன்படுத்துகிறேன். ஒரு நாள் வேலை. நீளம் 18 இன்ச், அகலம் 10, உயரம் 10. கால்கள் ஆறு முதல் எட்டு இன்ச், கீழே காற்று ஓட வேண்டும் என்பதால் குட்டையாக வைக்காதீர்கள். தகடு 16 கேஜ், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இரும்பு. அதைவிட மெல்லியது சீக்கிரம் நெளியும், தடித்தது சுமக்க முடியாது. கதவில் நகர்த்தித் திறக்கிற காற்றுத் துவாரம் ஒன்று. கதவு ஓரத்தில் கண்ணாடி இழைக் கயிறு. கல்நார்க் கயிறு இன்னும் சில கடைகளில் கிடைக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

அடுப்புக்குள், குழாய் வாய்க்குக் கீழே ஒரு தகட்டைச் சாய்வாகப் பொருத்தச் சொல்லுங்கள். சுடர் நேராகக் குழாய்க்குள் ஓடாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் போகும். விறகு மிச்சமாவது இந்த ஒரு தகட்டால்தான். பொறி குழாய்க்குள் ஏறுவதும் குறையும்.

குழாய் மூன்று இன்ச் விட்டம், மொத்தம் எட்டு ஒன்பது அடி உயரம். ஒன்றேகால் அடித் துண்டுகளாகச் செய்தால் அடுப்புக்குள்ளேயே வைத்து மூடிக் கொண்டுபோகலாம். எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகுக் குழாய் சிறந்தது, இல்லாவிட்டால் பூச்சில்லாத இரும்பு. என் முதல் அடுப்புக்கு ஒரு பட்டறையில் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை மாட்டிக் கொடுத்தார்கள், எல்லாம் ஒன்றுதான் என்று. வெட்டவெளியில் வைத்து எரித்துப் பார்த்தபோது அடிக்குழாய் சிவந்தது, பளபளப்பு போய் வெள்ளைப் புகை கிளம்பியது, தொண்டை கரகரவென்று பிடித்துக்கொண்டது. துத்தநாகப் பூச்சு எரிகிற புகை அது. மூடிய இடத்தில் மூச்சிழுத்தால் குளிர் காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். அன்றைக்கே அந்தக் குழாயைக் கழற்றிப் போட்டேன்.

அதனால் எந்த அடுப்பானாலும் முதல் மூன்று தீ வெளியில்தான். முதலில் சுள்ளி மட்டும் போட்டு அரை மணி நேரம். ஆறிய பிறகு இன்னும் கொஞ்சம் பெரிய தீ. மூன்றாவது நாள் முழுத் தீ. பெயின்ட் வாசனையும் எண்ணெய்ப் புகையும் முழுக்கப் போனபிறகுதான் கூடாரத்துக்குள் எடுத்துப்போக வேண்டும்.

பொருத்துவது

மலைக்குப் போய்ச் சேர்ந்தால் வெளிச்சம் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள். பனி இறங்கிய இருட்டில் குழாய் பொருத்துவது கையைக் கிழித்துக்கொள்ளும் வேலை.

தரையில் ஒரு தகடு, அதன்மேல் இரண்டு அங்குல மண், அதன்மேல் அடுப்பு. கால்கள் நான்கும் ஆடாமல் உட்கார வேண்டும். ஒரு கையால் தள்ளிப் பாருங்கள், அசைந்தால் திரும்பத் தோண்டி மட்டம் பாருங்கள். கூடாரத்தின் பிளாஸ்டிக் தரைவிரிப்பு அடுப்புப் பக்கம் மடித்துவிடப்பட வேண்டும். அடுப்புக்குள்ளேயும் ஓர் அங்குல மணலைப் பரப்பினால் அடித்தகடு எரிந்து ஓட்டையாகாது.

அடுப்பு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கலாம், வாசலை மறிக்கக் கூடாது. உறங்குகிற ஆளுக்கும் வாசலுக்கும் நடுவே நெருப்பு இருந்தால் எதுவும் சரியில்லாதபோது எப்படி வெளியே ஓடுவீர்கள்? கித்தான் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் நடுவே ஒரு தகடு நிறுத்துங்கள். அந்தத் தகட்டுக்கும் கித்தானுக்கும் இடையில் காற்று மேலே ஏற இடைவெளி வேண்டும். தகட்டைத் துணியோடு ஒட்டி வைத்தால் அது வெறும் சூடான தகடு. நான் சோதிக்கும் முறை எளியது: அடுப்பு முழுச் சூட்டில் இருக்கும்போது பக்கத்துக் கித்தானில் உள்ளங்கையை வைத்துப் பத்து வரை எண்ணுவேன். எண்ண முடியவில்லையென்றால் அடுப்பை நகர்த்த வேண்டும்.

இப்போது குழாய். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். மேல் துண்டின் அடி கீழ்த் துண்டின் வாய்க்குள் இறங்க வேண்டும். புகை மேலே போகிறதே, கீழ்த் துண்டுதானே மேல் துண்டுக்குள் நுழைய வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அப்படி மாட்டித்தான் நான் காந்தளூர் பக்கம் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தேன். குளிர்ந்த குழாயில் புகை படிந்து கருப்புப் பிசினாகி, குழாயின் உட்சுவரில் வழிந்து, ஒவ்வொரு மூட்டிலும் வெளியே கசிந்தது. காலையில் என் கம்பளியில் ஐந்து காசு அளவில் கருப்புப் பொட்டுகள். எத்தனை தடவை துவைத்தும் அந்த வாசனை போகவில்லை. மேல் துண்டு உள்ளே இறங்கியிருந்தால் பிசின் உள்ளேயே வழிந்து அடுப்பில் விழுந்து எரிந்துபோகும். புகை கசியுமோ என்று பயப்பட வேண்டாம். நன்றாக இழுக்கும் குழாய் மூட்டு வழியே காற்றை உள்ளேதான் உறிஞ்சும், புகையை வெளியே விடாது.

குழாய் முடிந்தவரை நேராகப் போகட்டும். ஒவ்வொரு முழங்கைத் திருப்பமும் இழுவையைக் குறைக்கும், பிசின் அடையும் இடமாகவும் ஆகும். தவிர்க்க முடியாவிட்டால் ஒரு முழுத் திருப்பத்துக்குப் பதில் இரண்டு பாதித் திருப்பங்கள். குழாயின் உச்சி கூடாரத்தின் உச்சியைவிட உயரமாக நிற்க வேண்டும். குறைந்தது ஓர் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்திருந்தால் காற்று கூரையைச் சுற்றி வந்து புகையை உள்ளே தள்ளும்.

உச்சியில் தீப்பொறி வலை, அதாவது எஸ்.எஸ். கம்பி வலையில் செய்த மூடி. மழைக்கு ஒரு சின்னக் குடையும் சேர்க்கலாம். இந்த வலை இல்லாமல் தை, மாசி மாதங்களில் நம் புல்வெளி மலைகளில் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது என்பேன். வலையில் கரி அடைந்தால் புகை திரும்பும், ஆகவே தினமும் காலையில் ஒரு பழைய பிரஷால் தட்டிவிட வேண்டும்.

குழாயை மூன்று திசையில் கம்பி கட்டி நிறுத்துங்கள். நைலான் கயிறு வேண்டாம். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சின்னத் திருகாணி. காற்றில் குழாய் ஆடி மூட்டு கழன்றால் நெருப்புப் புகை முழுவதும் கூடாரத்துக்குள்தான்.

அப்புறம் காற்று. அடுப்புக்குப் பக்கமாகக் கூடாரத்தின் அடிப்பகுதியில் ஒரு சாண் அகலத்துக்கு நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டும். உச்சியிலும் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குளிரடிக்கிறதே என்று எல்லாவற்றையும் மூடித் தைத்துவிட்டால் அடுப்பு கூடாரத்துக்குள் இருக்கும் காற்றைத் தின்ன ஆரம்பிக்கும். லயத்தில் பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தி இருந்தாள். நாங்கள் ஜன்னலை மூடினால், "அடுப்புக்கும் மூச்சு வேணும்டா" என்று வந்து திறந்துவிட்டுப் போவாள்.

விறகு

மறையூர் வழியாக வருகிறீர்கள் என்றால் வழியில் கிடக்கும் ஒரு குச்சியையும் எடுக்காதீர்கள். அது சந்தனக் காடு. எந்தக் கட்டை எது என்று சோதனைச்சாவடியில் வாதாட முடியாது. விறகைத் தங்கும் ஊரிலேயே விலைக்கு வாங்குங்கள். நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் கிராண்டிஸும் வாட்டிலும். கிராண்டிஸ் என்று எல்லோரும் சொல்வது யூகலிப்டஸ் மரம்தான். பச்சையாக இருக்கும்போதே பிளந்து வைத்தது என்றால் அருமையாக எரியும். காய்ந்தபிறகு பிளக்கப் போனால் முறுக்கிக்கொண்டு கோடாலியை விடாது. வாட்டில் ஒரு வகை அக்கேசியா மரம். அதன் கட்டை நின்று எரியும், தணலும் நல்லது. தோட்டத்தில் கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு கிடைத்தால் ஒரு கட்டு வாங்கிவிடுங்கள். பற்றவைக்க அதைவிட நல்ல சுள்ளி நான் பார்த்ததில்லை. பைன் கட்டையில் பிசின் அதிகம், பொறி தெறிக்கும், குழாயும் சீக்கிரம் அடையும். ஒதுக்கிவிடுங்கள்.

காய்ந்த விறகா என்று பார்க்க இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். 'டங்' என்று கணீரென ஒலித்தால் காய்ந்தது. மந்தமாக 'தொப்' என்றால் ஈரம். வெட்டு முகத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிப்புகள் இருப்பதும் நல்ல அடையாளம். பச்சை மரத்தின் எடையில் பாதி வாக்கில் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு முழுவதும் செலவாகி, உங்களுக்குப் புகையும் பிசினும்தான் மிஞ்சும். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்தின் சூடு இருக்கிறது. நம் தகர அடுப்பில் அதில் ஒரு பகுதி குழாய் வழியே போய்விடும். சாயங்காலம் நான்கு மணி நேரமும் காலையில் ஒரு மணி நேரமும் எரிக்க எனக்கு ஒரு சாக்கு போதும். ஆனால் இரண்டு சாக்கு கொண்டுபோவேன்.

ஓர் அடி நீளம், மணிக்கட்டுக் கனம். அடுப்புக்குள் நுழையாத கட்டையைக் கதவு திறந்தபடி எரிக்கலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். விறகை அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி அடுக்குங்கள். அடுப்பு மேலேயோ ஒட்டியோ காயவைப்பது தீப்பிடிக்க வழி.

பற்றவைப்பது

குளிர்ந்த குழாய்க்குள் குளிர்ந்த கனமான காற்று ஒரு தூண் மாதிரி நிற்கும். நேராகத் தீ வைத்தால் புகை அந்தத் தூணில் முட்டி உங்கள் முகத்துக்குத்தான் வரும். மூடுபனி இறங்கிய நாளில் இது இன்னும் மோசம். அதனால் முதலில் ஒரு செய்தித்தாள் தாளைச் சுருட்டிக் கொளுத்தி, அடுப்புக்குள் குழாய் வாய்க்கு நேர் கீழே பிடியுங்கள். பத்து இருபது விநாடியில் 'உஸ்' என்று ஓர் ஓசை கேட்கும், சுடர் மேல்நோக்கி நீளும். குழாய் இழுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த ஓசையைக் கேட்காமல் நான் விறகில் தீ வைப்பதே இல்லை.

அடுக்குவதில் நம் வழக்கத்தைக் கொஞ்சம் தலைகீழாக்குங்கள். கனமான கட்டை இரண்டு அடியில், அதன்மேல் விரல்கனச் சிராய்கள் குறுக்கும் நெடுக்குமாக, எல்லாவற்றுக்கும் மேலே மிலாறும் தாளும். மேலே தீ வையுங்கள். தீ மெதுவாகக் கீழே இறங்கும். கிளம்பும் புகை மேலே இருக்கும் சுடர் வழியாகப் போய் எரிந்துவிடும். புகையே குறைவு. காற்றுத் துவாரம் முழுக்கத் திறந்திருக்கட்டும், குழாயில் அடைப்புத் தட்டு வைத்திருந்தால் அதுவும் முழுக்கத் திறந்திருக்கட்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல், சானிடைசர் எதுவும் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. தணல் கிடக்கும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஆவி குப்பென்று வெடித்து வெளியே வரும்.

இருபது நிமிடத்தில் அடுப்பு நிலைக்கு வரும். அப்போது காற்றுத் துவாரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வெளியே போய்க் குழாய் உச்சியைப் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பலாகவோ கெட்டிப் புகை வந்தால் விறகு ஈரம், அல்லது காற்றை ரொம்பக் குறைத்துவிட்டீர்கள். புகையே தெரியாமல் கானல் மாதிரி காற்று நெளிந்தால் சரியாக எரிகிறது. குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி ஒன்று வாங்கி, அடுப்பிலிருந்து ஒன்றரை அடி மேலே ஒட்டிவையுங்கள். 120 டிகிரி செல்சியஸுக்கும் 240 டிகிரிக்கும் இடையில் முள் நின்றால் நிம்மதி. அதற்குக் கீழே பிசின் படியும். அதற்கு மேலே போய்க் குழாய் சிவக்கத் தொடங்கினால் விறகு போடுவதை நிறுத்திக் காற்றுத் துவாரத்தை மூடுங்கள். கதவைத் திறக்காதீர்கள், அது இன்னும் காற்றைத்தான் கொடுக்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள், தகடு வெடிக்கும், நீராவி முகத்தில் அடிக்கும்.

அடுப்பு மேல் எப்போதும் ஒரு குண்டான் தண்ணீர் இருக்கட்டும். கட்டஞ்சாயாவுக்கும் ஆகும், அவசரத்துக்கும் ஆகும். 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும், குக்கர் கொண்டுபோவது நல்லது. ஈரச் சாக்ஸைக் காயவைக்கக் கூரைக்குக் கீழே கயிறு கட்டலாம், ஆனால் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். ஒன்று நழுவி விழுந்தால் போதும்.

உறங்கும் நேரம்

இந்தப் பகுதிக்காகத்தான் நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகையில்லாமல் செக்கச் செவேலென்று கிடக்கும் தணல்தான் அதை நிறைய விடுகிறது. புகை அடங்கிவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நாம் நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். மலை ஊர்களில் கணப்புச் சட்டியையோ கரி அடுப்பையோ மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கி, காலையில் எழுந்திருக்காதவர்களைப் பற்றிய செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கூடாரத்துக்குள் கணப்புச் சட்டி எந்த நேரத்திலும் கூடாது. குழாய் உள்ள அடுப்பு மட்டும்தான், அதுவும் விழித்திருக்கும்போது மட்டும்தான்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று அவசியம். பைக்குள் வைத்து மறந்துவிடாமல், படுக்கைத் தலைமாட்டு உயரத்தில் கட்டி, பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று ஒவ்வொரு இரவும் பாருங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரி சட்டைப் பையில் இருக்கட்டும். யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உயரத்தால் வருகிறது என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். உயர மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும், வட்டவடை அதற்குக் கீழே. உடனே எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்.

படுக்கப் போவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன் கடைசிக் கட்டையைப் போடுங்கள். அதற்குமேல் போடாதீர்கள். தணல் சாம்பல் பூத்ததும் இரும்புக் கரண்டியால் அள்ளி, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வெளியே செதுக்கிய மண்ணில் வைத்து, தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை மேலே காட்டிச் சூடு தெரியாத வரைக்கும். சாம்பலுக்குள் தணல் ஒரு நாள் முழுக்கக்கூட உயிரோடு இருக்கும். குழாயின் அடைப்புத் தட்டு திறந்தே இருக்கட்டும், கூடாரத்தின் கீழ் வாசலும் உச்சி ஜன்னலும் அப்படியே திறந்திருக்கட்டும்.

பிறகு குளிரை எப்படிச் சமாளிப்பது? முதுகுக்குக் கீழேதான் குளிர் ஏறும், மேலே இருந்து அவ்வளவு இல்லை. தரையில் ஃபோம் பாய், அதன்மேல் ஒரு கம்பளி, பிறகு நீங்கள், மேலே இரண்டு கம்பளி. எஸ்.எஸ். பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் விடியும்வரை கதகதப்பு நிற்கும். பூஜ்ஜியம் டிகிரிக்கு இது தாராளம்.

தலைமாட்டில் ஒரு டார்ச்சும் கூர்மையான கத்தியும் கட்டி வையுங்கள். வாசல் ஜிப் சிக்கினால் கித்தானைக் கிழித்துக்கொண்டு வெளியே வரலாம். வாசலுக்குள்ளே இரண்டு கிலோ பொடி தீயணைப்பான் ஒன்று, வெளியே ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மண். குழந்தைகள் இருந்தால் அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் வேலி மாதிரி தடுப்பு வேண்டும், ஒரு பெரியவர் எந்நேரமும் அடுப்புப் பக்கம் இருக்க வேண்டும். யாருக்காவது சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை, வெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 108, வேறு எந்த அவசரத்துக்கும் 112. வட்டவடையிலிருந்து மூணாறு 45 கிலோமீட்டர் வாக்கில், வளைவுகள் நிறைந்த சாலை. கிளம்பும்போதே ஊரில் ஜீப் வைத்திருப்பவர் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில்

சூடு இல்லையென்று கையால் தொட்டுப் பார்த்த பிறகு அடுப்பைக் கழற்றுங்கள். குழாய்த் துண்டுகளைத் தரையில் தட்டி, கம்பிப் பிரஷால் உள்ளே தேயுங்கள். ஒரு காசு கனத்துக்குக் கரி பளபளவென்று படிந்திருந்தால் விறகு ஈரமாக இருந்திருக்கிறது அல்லது காற்றைக் குறைத்து எரித்திருக்கிறீர்கள். அந்தப் படிவு ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும், அதனால் ஒவ்வொரு பயணத்திலும் தேய்த்துவிடுங்கள். ஜாக் வாசலைச் சுற்றியுள்ள தையலை விரலால் தடவிப் பாருங்கள். நூல் பொடிந்தால் அடுத்த பயணத்துக்கு முன் தைத்தே ஆகவேண்டும்.

குளிர்ந்த சாம்பலை நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு அவர் சொல்லும் பாத்தியில் தூவலாம். வட்டவடைப் பூண்டுக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கித்தானைப் பனி ஈரத்தோடு மடிக்கத்தான் வேண்டியிருக்கும், வெயில் ஏறும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ஆனால் போடிமெட்டு இறங்கி ஊர் சேர்ந்த அன்றே பிரித்து மாடியில் உலர்த்துங்கள். இரண்டு நாள் ஈரத்தோடு சுருட்டிக் கிடந்தாலே கருப்புப் பூஞ்சை பிடித்துவிடும், பிடித்த இடம் நூல் இற்றுப்போகும். கயிற்று முடிச்சுகளுக்குள்ளும் மடித்துத் தைத்த ஓரங்களிலும் விரல் விட்டுப் பாருங்கள். கடைசியாகக் காய்வது அந்த ஓரம்தான்.